கொத்தனார் என்றே போடு

மேலூர், ஸ்ரீரங்கம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய நினைவுமலரைப் படித்தேன். முதலில் செல்போனில் படித்தேன். பிறகு முனைக்கடையில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். தாத்தாவின் வருஷத் திதிக்கு ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே பெரிய விஷயம். நம் வீட்டில் இதுவரை யாருக்கும் கருமாதிப் பத்திரிகைக்கு மேல் அச்சடித்ததில்லை. தமிழும் உனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், 'கொத்தனார்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. '1971 போரில் பங்கேற்ற மாவீரர்' மூன்று இடத்தில் வருகிறது. 'கட்டுமானத் துறையில் நீண்டகால அனுபவம் மிக்கவர்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏதோ தூரத்து உறவுக்காரரைக் கல்யாண வீட்டில் அறிமுகம் செய்கிற மாதிரி.

உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. இதே காரியத்தை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்தவன்.

1987 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மிலிட்டரி' என்று எழுதினேன். தாத்தா பட்டாளத்தை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தினமும் காலை ஆறரைக்கு சோத்து வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர்; அது எனக்கும் தெரியும், என் வகுப்புக்கும் தெரியும். ராத்திரி கையெழுத்துக்கு நீட்டினேன். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல்நுனிகளால் படிவத்தை வரிவரியாகத் தொட்டுப் படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. "ஏன்டா, கரண்டின்னு எழுதினா மார்க்கைக் குறைச்சிருவாங்களா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

அதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஜூனுக்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 25ஆம் தேதிதான் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோபுரத்தில் கரண்டி பிடித்த கைதான் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டது.

நீ பிறந்ததிலிருந்து அந்தக் கோபுரம் அங்கேயே நிற்பதால் உனக்கு அது மலைக்கோட்டை மாதிரி இயற்கையாகவே இருப்பதாகத் தோன்றும். எங்கள் சின்ன வயதில் அது மொட்டைக் கோபுரம். நாயக்கர் காலத்துக்கும் முன்னே ஆரம்பித்து நின்றுபோன கருங்கல் அடிப்பாகம், நானூறு வருஷத்துக்கு மேல் தலையில்லாமல் கிடந்தது. அகோபில மடத்து 44ஆவது ஜீயர் அதை முடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு 1979இல் வேலை தொடங்கியது. எட்டு வருஷத்தில் 13 நிலை, 236 அடி. 1 கோடியே 70 லட்சம் செங்கல் போனதாகக் கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு நிலைக்கும் கொடை கொடுத்தவர்களின் பெயர் இருக்கிறது. ஆறாம் நிலை இளையராஜா கொடுத்தது என்று ஸ்ரீரங்கத்தில் ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். செங்கல் வைத்தவர்கள் யார் என்று ஆட்டோக்காரருக்குத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கே முழுசாகத் தெரியாது. தாத்தா 1981இல் சேர்ந்தார், கடைசிவரை விட்டு விட்டுப் போனார். 'நான் கட்டினேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப் போய்க் காட்டுவார். "இதுல உங்க வேலை எதுங்க மாமா?" என்று யாராவது கேட்டால், "உள்ள இருக்கு" என்பார். உண்மைதானே. வெளியே தெரிவது சுதையும் வர்ணமும். செங்கல் வேலையின் தலையெழுத்து அப்படி. சுவர் பூசி முடிந்ததும் கொத்தனாரின் வேலை மறைந்துவிடும். விரிசல் விட்டால் மட்டும் அவர் பெயர் ஞாபகம் வரும்.

நீ சிவில் படிக்கிறாய், ஆகவே இது உனக்குப் பிடிக்கும். தாத்தாவுக்கு 'இங்கிலீஷ் பாண்டு', 'பிளெமிஷ் பாண்டு' எல்லாம் பேரோடு தெரியும். ஒரு வரி செங்கல் நீளவாக்கு, அடுத்த வரி குறுக்குவாக்கு, முட்டுக்கு மேல் முட்டு வரக்கூடாது என்பதை எல்லாக் கொத்தனாரும் கைப்பழக்கத்தில் செய்வார்கள். இவர் மட்டும் இங்கிலீஷ் பேர் சொல்லிச் செய்வார். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசுவார்கள். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்தாயா? உன் மலரில் பட்டாளம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறாயே, அந்த இடத்தில்தான் நீ தவறியிருக்கிறாய்.

1966இல் அவரைப் பட்டாளம் எடுத்ததே கொத்து வேலை தெரிந்ததற்காக. பன்னிரண்டு வயதிலிருந்து அவருடைய அப்பாவோடு கலவை சுமந்த பையன். மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் தச்சர், கொல்லர், கொத்தனார் என்று தொழில் பார்த்து ஆள் எடுப்பார்கள். 1780இல் தொடங்கிய படை அது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அவர்கள் தலைமையிடம். அங்கே போய்ச் சேர்ந்தவனை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரிகூட 'தம்பி' என்பாராம். அங்கே பாலம் போடவும், பங்கர் கட்டவும், ரோடு வெட்டவும் கற்றார். கண்ணிவெடி எடுக்கவும் கற்றார். அந்தப் படையில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர், 1944 ஜூன் 24ஆம் தேதி இத்தாலியில், மற்றவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகிற கண்ணியின் மேல் தானே விழுந்து இறந்தவர். ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. செங்கல்பட்டுச் சீமைக்காரர். அவர் பேரைச் சொல்லும்போது மட்டும் தாத்தா உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்வார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

சண்டையைப் பற்றி அவர் பேசியது குறைவு. 1971 டிசம்பரில் ஷகர்கர் பகுதியில் இருந்தார். குளிர், ஆளுயரப் புல், ராத்திரியில் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு பாதை திறக்கும் வேலை. இவ்வளவுதான் எனக்கு அவர் வாயால் கிடைத்தது. மீதி எனக்குத் தெரிந்தது வேறு வழியில்.

அவர் கட்டும் எந்த வீட்டுக்கும் வாணம் தோண்டுவதற்கு முன்னால், ஒன்றரை அடி நீளத்தில் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக்கொண்டு மண்டி போடுவார். கோடு போட்ட இடம் முழுக்கச் சாய்வாகக் குத்திக்கொண்டே போவார். நேராகக் குத்த மாட்டார். அதற்கப்புறம்தான் கடப்பாரைக்கு உத்தரவு. வீட்டுக்காரர்கள் ஏதோ மனையடி சாஸ்திரம் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது, அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். தாத்தா மண்டி போட்டுக் கம்பியைக் குத்துவதைப் பார்த்ததும் அந்த மனிதர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாய்ச்சுக் குத்தினா கண்ணியோட விலாவுல படும் தம்பி. நேராக் குத்தினா தலையில படும். தலையில அழுத்தம் பட்டா முடிஞ்சுது" என்றார். ஸ்ரீரங்கத்து மண்ணில் என்ன கண்ணி இருக்கப் போகிறது? சண்டை முடிந்து இருபத்தேழு வருஷமாகியும் அந்தக் கை நம்பவில்லை. இதை எழுது. 'மாவீரர்' என்ற சொல்லை மூன்று முறை போடுவதைவிட இந்த ஒரு கம்பி போதும்.

அதே ஷகர்கர் பகுதியில் நடந்த பசந்தர் ஆற்றங்கரைச் சண்டையை நீ இணையத்தில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாய். அது நடந்த நிகழ்ச்சிதான். டிசம்பர் 15 இரவு, பொறியாளர்கள் கண்ணி வயலில் பாதி தூரம்தான் பாதை திறந்திருந்தார்கள். எதிரி டாங்கிகள் நெருங்குவது தெரிந்து, பூனா ஹார்ஸ் டாங்கிகள் மீதிக் கண்ணிகளுக்கு ஊடாகவே போயின. மறுநாள் அருண் கேத்ரபால் இறந்தார், வயது 21, பரம்வீர் சக்ரா. பொறியாளர் படையில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு இறந்தபின் மகாவீர் சக்ரா. ஆனால் தாத்தா அந்த ராத்திரி அந்தப் பாதையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறாயே, யார் சொன்னது? அவர் சொன்னதில்லை. அந்தச் சீமையில் எத்தனையோ பாதைகள் திறந்தார்கள். பெரிய மனிதர்களின் பக்கத்தில் நம் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவருக்கு உயரம் என்று நினைக்காதே. அந்தப் பத்தியை எடுத்துவிடு. அதற்குப் பதில் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திற. டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, எந்த வருஷம் எங்கே இருந்தார் என்று அதில் பார்க்கலாம். 'பஷ்சிமி ஸ்டார்', 'சங்ராம் மெடல்' இரண்டும் ஒரு பழைய பட்டாளத்துச் சாக்ஸுக்குள் இருக்கின்றன. எடுத்துப் பார், அவருடைய நம்பரும் பேரும் பொறித்திருக்கும். அவர் பேர் ஒரு உலோகத்தில் பொறிக்கப்பட்ட இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

காந்தி மார்க்கெட்டுக்கு நீ சின்ன வயதில் அவரோடு வெங்காயம் வாங்கப் போயிருப்பாய். அங்கே முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. திருச்சினாப்பள்ளியிலிருந்து 302 பேர் அந்தப் போருக்குப் போனார்கள், 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும். பேர் எதுவும் கிடையாது, எண்ணிக்கை மட்டும். ஒரு நாள் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே தாத்தா சொன்னார்: "மிச்சம் 261 பேரு திரும்பி வந்து என்ன பொழப்பு பாத்தாங்கன்னு ஒருத்தனும் எழுதலை பாரு." நான் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கண்டோன்மெண்ட் பக்கம் போகிறபோதெல்லாம் நினைவு வருகிறது. அங்கே மேஜர் சரவணனின் நினைவிடம் இருக்கிறது. 1999 மே 29, கார்கில் போரில் பட்டாலிக்கில் இறந்தவர், வீர் சக்ரா. நம் ஊர்ப் பிள்ளை. அவருக்கு அந்த இடம் தகும். இறந்தவர்களுக்குக் கல் வைக்க ஊருக்குத் தெரியும். திரும்பி வந்து, மறுவாரமே சாரம் ஏறினவருக்கு எந்த ஊரும் கல் வைப்பதில்லை. நீ போடுகிற புத்தகம் அந்த 261இல் ஒருவரைப் பற்றியது என்று வைத்துக்கொள்.

சரி, அப்பாவாக அவர் எப்படி? இதைப் பற்றி உன் மலரில் 'பாசமிகு தந்தை' என்று இருக்கிறது. பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு நாலு வயதில் அவர் லீவில் வந்தபோது நான் அவரை 'மாமா' என்று கூப்பிட்டேனாம். வருஷத்தில் இரண்டு மாதம் பார்க்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தாத்தா அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்து தங்கியபின் வீட்டைப் பாரக் ஆக்கினார். ஐந்து மணிக்குப் போர்வை மடித்திருக்க வேண்டும், மூலைக்கு மூலை சேர்த்து. உன் அப்பன் ஒரு தடவை அரை மூட்டை சிமெண்டை மழையில் நனைய விட்டதற்கு வாங்கிய அறை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. கேன்டீன் ரம்மை அளவோடுதான் குடித்தார், அது அவர் அளவு.

இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டுக்காரர் மாடி வேலை முழுக்க முடித்தபின் கணக்குத் தீர்க்காமல் இழுத்தடித்தார். தாத்தா இரண்டு தடவை போய்க் கேட்டார். மூன்றாம் தடவை போகவில்லை. "கேட்டு வாங்குற காசு வேணாம்" என்றார். சொல்லக் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. அந்த மாதம் பாட்டியின் தோடு அடகுக்குப் போனது. சித்தாள்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே. அந்தத் தோடு திரும்பி வரவே இல்லை. அவருடைய ரோஷத்துக்குப் பாட்டி விலை கொடுத்தார். இதையும் எழுது என்றால் உன் அப்பன் என்னிடம் சண்டைக்கு வருவான். வரட்டும். குறையே இல்லாத மனிதராக அச்சடித்தால் அது யாருக்கும் தாத்தா இல்லை, ஃபிளெக்ஸ் பேனர்.

அவர் நல்லவராக இருந்த இடங்களையும் அதே மாதிரி, பொருளும் இடமும் சொல்லி எழுது. செங்கல் லாரி வந்து இறங்கினால் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீர் என்றால் சரி. 'தொப்' என்றால் மொத்த லோடையும் திருப்பி அனுப்பச் சொல்வார், வீட்டுக்காரரே பரவாயில்லை என்றாலும். ஊற வைக்காத செங்கல்லைக் கையால் தொட மாட்டார். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும், சாந்து பிடிக்காது. கட்டு முடிந்தால் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார்களா என்று, தனக்குச் சம்பந்தமில்லாத நாளிலும் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. தூக்குக்குண்டை என் கையில் கொடுத்து, ஆடி முடிகிறவரை பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். அது நிற்க நேரம் எடுத்தது. கை வலித்தது. "ம், போ" என்றார். இன்றுவரை எனக்கு அதன் பொருள் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நீயும் விளக்கிவிடாதே.

கோயில் திருப்பணி 2015இல் நடந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. பழைய வேலை முறைகளுக்கும், பழைய மழைநீர் வடிகால்களைத் திரும்பத் திறந்ததற்கும் 2017இல் யுனெஸ்கோ விருது கொடுத்தார்களே, அந்தத் திருப்பணி. தினமும் போய் ஒரு தூணடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். வேலையாட்களில் ஒரு பையன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் 'சரி' என்றான். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு "ஒரு நூல் இறக்கம்" என்றார். பையன் மறுபடி வைத்துப் பார்த்தான். சொல்ல வேண்டுமா?

இனிமேல் செய்ய வேண்டியது. மலரை அச்சுக்குக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இணையத்தை மூடிவிட்டு ஊருக்கு வா. கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு ஆத்தா இருக்கிறார், தாத்தாவுக்குச் சித்தாளாக இருபது வருஷம் கலவை சுமந்தவர். மூன்றாம் மாடிவரை கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினவர். தாத்தாவுக்குப் பகல் பொழுதில் பொண்டாட்டி பிள்ளைகளைவிட அவரைத்தான் அதிகம் தெரியும். தாத்தா வேலை செய்யும்போது பாடினாரா, யாரைத் திட்டினார், எந்த வீட்டில் சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஆத்தாவிடம் இருக்கிறது. கூலியையும் கேள். ஆண் ஆளுக்கு ஒன்று, பெண் ஆளுக்கு அதில் பாதியைவிடச் சற்று அதிகம். தாத்தா அதை மாற்ற முயன்றதாக எனக்கு நினைவில்லை. ஆத்தா என்ன சொல்கிறாரோ அதை அப்படியே குறித்துக்கொள், அழகுபடுத்தாதே. அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தாத்தாவிடம் கேட்க வேண்டியதை நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சுப்பிரமணியன் பேருக்கு ஏன் எழுந்து நின்றார் என்பதை இனி யாரிடம் கேட்பது?

அட்டைக்கு யூனிபாரம் போட்ட படத்தை வைத்திருக்கிறாய். இருக்கட்டும், அதில் அழகாகத்தான் இருக்கிறார். உள்ளே ஒரு படத்துக்கு இடம் விடு. உன் அத்தை கல்யாணத்துக்கு முந்தின வாரம் நம் வீட்டு முன்சுவரை அவரே பூசிக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்தது. முகம் சரியாகத் தெரியாது, முதுகும் மணியாசுக் கட்டையும்தான் தெரியும். அது போதும்.

அச்சகத்துக்காரர் நல்ல மனிதர், ஆனால் திருத்துகிற பழக்கம் உண்டு. பேருக்குக் கீழே 'கொத்தனார், முன்னாள் ராணுவ வீரர்' என்று அந்த வரிசையிலேயே கொடு. 'கட்டட வல்லுநர்னு போட்டா கொஞ்சம் கௌரவமா இருக்குமே' என்பார். வேண்டாம் என்று சொல். இரண்டாம் தடவை கேட்டால் என்னிடம் பேசச் சொல்.

ஆத்தா மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் போகலாம். வெற்றிலை வாங்கிக்கொண்டு வா. பாக்கு வேண்டாம், அவருக்குப் பல் இல்லை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா